பொத்தையடியிலிருந்து மேலே

மகேந்திரகிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மருந்துவாழ் மலை சின்னதுதான். உயரம் ஏறக்குறைய 800 அடி. காலை வெயில் ஏறுமுன் புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் நெல்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவே, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது தனியாக எழுந்து நிற்கிறது. அதனால் அந்த 800 அடியிலேயே நாஞ்சில் நாட்டின் பெரும்பகுதி காலடியில் விரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே கடைசியாகத் தலைதூக்கும் இடம் இதுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம்.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகளை இந்த மலைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால் அனுமதிக்கிற மட்டும் ஏறுகிறேன். பாடப்புத்தகத்தில் தென் திருவிதாங்கூரின் கதை சில பத்திகளில் முடிந்துவிடும். மேலே ஏறி நான்கு திசையும் திரும்பிப் பார்த்தால் அது அவ்வளவு சீக்கிரம் முடியாது.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பஸ்ஸில் ஏறிப் பொத்தையடியில் இறங்க வேண்டும். ஊருக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் மலையடிவாரம். தொடக்கத்தில் படிகள் உண்டு. கொஞ்ச தூரம் நல்ல படி, கொஞ்ச தூரம் பாறையிலேயே வெட்டிய படி, பிறகு படியும் இல்லாமல் உருண்டு கிடக்கிற பாறைகளுக்கு நடுவே காலடித் தடம். வழியில் சின்னச் சின்னக் கோயில்கள், சாமியார்கள் தங்கிய குடில்கள், மழைக்காலத்தில் மட்டும் கசிகிற சுனைகள். மே மாதத்தில் இந்த வழி முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாறையிடுக்கு ஒவ்வொன்றிலும் பச்சை வந்துவிடும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இந்த மலையில் செடிகொடி இவ்வளவு வகையாக முளைப்பதற்கு அதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் பறந்தபோது ஒரு துண்டு தவறி விழுந்தது, அதுதான் இது என்பது ஊர்க்கதை. உச்சியில் அனுமனுக்குக் கோயிலும் இருக்கிறது. அகத்தியர் இங்கே மருந்து தேடினார் என்பது இன்னொரு கதை. பக்கத்திலேயே அகஸ்தீஸ்வரம் என்ற ஊர் இருப்பதால் அந்தக் கதைக்கும் பலம் சேர்ந்துவிட்டது. இந்தக் கதைகளை நான் பிள்ளைகளிடம் ஒருபோதும் தள்ளிப் பேசியதில்லை. மருந்துக்காக மனிதர்கள் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக ஏறியிருக்கிறார்கள் என்ற உண்மை அவற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஏறியவர்களில் பெரும்பாலோர் வர்ம ஆசான்களும் அவர்களுக்கு மூலிகை பறித்துக் கொடுத்தவர்களும். குமரி மாவட்டத்தில் அடிமுறை சொல்லிக் கொடுப்பவரும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரும் ஒருவரே. அவரைத்தான் ஆசான் என்போம். அடிக்கத் தெரிந்த கைக்கு அடிபட்டவரைத் தேற்றவும் தெரிய வேண்டும் என்பது அந்தக் கல்வியின் ஒழுங்கு. தேற்றுவதற்கு எண்ணெய் காய்ச்ச வேண்டும், எண்ணெய்க்கு இலையும் வேரும் வேண்டும். பனையேறியான என் பாட்டா, பனைத்தொழில் இல்லாத மாதங்களில் ஓர் ஆசானுக்கு மருந்து பறிக்கப் போவார். நொச்சி, ஆடாதொடை, பிரண்டை, நன்னாரி, சிறுகுறிஞ்சான், நிலவேம்பு என்று அவர் கடகப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இறங்கியவற்றின் பெயர்களை நான் எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றேன். வேரோடு பிடுங்க வேண்டியது எது, கிள்ளிவிட்டு மிச்சம் வைக்க வேண்டியது எது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரே புதரை அடுத்தடுத்து இரண்டு முறை தொட மாட்டார். அப்படிப் பழகியவர்கள் நடந்து நடந்து போட்ட தடங்கள்தான் இன்றைக்கு நாம் ஏறுகிற வழிகள். படி கட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பிள்ளைத்தடம் குகை இருக்கிறது. பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான இடம். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒருவர் உட்காரலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. 1880களில் செம்பழந்தியிலிருந்து வந்த நாணு என்ற இளைஞர் இங்கே தங்கித் தவம் இருந்தார். பின்னால் உலகம் அவரை ஸ்ரீ நாராயண குரு என்று அறிந்தது. அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். குருவே தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். குகையில் இருந்த நாளில் கட்டுக்கொடி இலையைத் தின்று பசியாறினார் என்று சொல்வார்கள். கட்டுக்கொடியை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்து வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் கட்டியாகிவிடும். பாட்டா எனக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அப்படிச் செய்து, கருப்பட்டி சீவிப்போட்டுத் தந்திருக்கிறார். குளுமையான, பச்சை வாடை அடிக்கிற பண்டம். அதையே உணவாகக் கொண்டு ஒருவர் எத்தனை நாள் இருக்க முடியும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

குகைக்குப் புலியும் நாகமும் துணையிருந்ததாகவும் கதை உண்டு. அதைவிட அந்த இடத்தில் என்னை நிறுத்துவது ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் எது கண்ணில் படும் என்பதுதான். தெற்கே கடல். மலையைச் சுற்றிக் கீழே வயல், குளம், தோப்பு, தோப்புக்குள் வீடுகள், ஓலைக் கூரைகளாக இருந்து இன்று கான்கிரீட் தளங்களாகிவிட்ட வீடுகள். அதற்கும் மேலே பத்துப் பன்னிரண்டு பாறைகள் தாண்டி உச்சிக்குப் போனால் வடமேற்கே சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கோபுரம், 134 அடி உயரத்தில், வயல்களுக்கு மேலே தனியாக நிற்கும்.

அந்தக் கோபுரத்தை எனக்கு முதலில் காட்டியவர் பாட்டாதான். சொன்ன சொல் அப்படியே நினைவிருக்கிறது. "அந்தா தெரியுதுல்லா பிள்ளே, அதுதான் தாணுமாலயன். எனக்கு வாலிபத்துல அந்தக் கோயில் இங்கேர்ந்துதான் தெரியும். தெருவுக்குள்ள கால் வைக்க விடமாட்டாவ. இங்க நின்னு கும்பிட்டுட்டு மருந்து பறிக்கப் போயிருவேன்."

நான் அப்போது சின்னப் பெண். கோயிலுக்குள் விடாமல் இருந்தார்கள் என்பதுகூட ஒருவாறு புரிந்தது. தெருவுக்குள் எப்படி விடாமல் இருக்க முடியும், தெரு நடக்கத்தானே என்று கேட்டேன். பதில் சொல்வதற்குப் பதிலாக அவர் என்னைக் கிழக்கு, வடக்கு, தென்மேற்கு என்று திருப்பித் திருப்பி நிறுத்தி ஊர் காட்டினார். அன்றைக்கு அவர் காட்டிய ஊர்களின் கதையைப் பிறகு படித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

வடக்கே பார்த்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய். இன்று முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கிற இடம். ஆனி, ஆடியில் அந்த இடைவெளி வழியே மேற்கிலிருந்து பாய்கிற காற்றை மலையுச்சியில் நின்றால் உடம்பே சொல்லும், தாவணியைப் பிடித்துக்கொள்ளத்தான் கை சரியாக இருக்கும். திருவிதாங்கூருக்குள் கிழக்கிலிருந்து நுழைய அதுதான் வாசல். வாசலை அடைக்க மலையிலிருந்து கடற்கரை நோக்கிக் கோட்டைச் சுவர் எழுப்பியிருந்தார்கள். கிழக்கே கடலோரம் தெரிகிற வட்டக்கோட்டை அந்தக் காவலின் கடைசிப் புள்ளி. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவராகவே ஆகிவிட்ட டச்சுக்காரர் டி லனாய் அதைக் கருங்கல்லில் வலுப்படுத்தினார். 1809 ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகக் குண்டறையில் அறைகூவல் விடுத்தார். பிப்ரவரியில் கம்பெனிப் படை இரவோடிரவாகக் கணவாயின் பக்கத்து மலையில் ஏறி ஆரல்வாய்மொழிக் காவலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நாட்டைக் காத்த மலையின் மேலேயே வழி கண்டுபிடித்துத்தான் நாட்டைப் பிடித்தார்கள். அதன் பிறகு திருவிதாங்கூர் அரசரின் பெயரால் ஆளப்பட்டாலும், பிரிட்டிஷ் ரெசிடெண்டின் சொல்லை மீறி எதுவும் நடக்கவில்லை.

அதே 1809இல்தான் மலைக்கு வடக்கே, கூப்பிடு தூரம் போலத் தெரிகிற மயிலாடியில் ஒரு சின்னக் கோயில் எழுந்தது. லண்டன் மிஷனின் ரிங்கல்டாபே கட்டியது. திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் அது. ஆனால் அந்தக் கதை ரிங்கல்டாபேயிடம் தொடங்கவில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற மனிதர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் மிஷனரிகளைச் சந்தித்து, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். எங்கள் ஊருக்கு ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டவர் அவர்தான். ரிங்கல்டாபே 1806இல் ஆரல்வாய்மொழி வழியாக வந்தது அந்த அழைப்புக்குத்தான். மயிலாடியில் தொடங்கிய பள்ளிக்கூடம் பிறகு நாகர்கோவிலுக்குப் போய் வளர்ந்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. நான் படித்தது அந்தக் கல்லூரியில் இல்லை, ஆனால் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களில் பலர் அங்கே படித்தவர்கள். எழுத்து எங்கள் வீட்டுக்கு வந்த வழியை நான் தேடிப் போனால் அந்த மயிலாடித் திண்ணையில்தான் போய் நிற்பேன். இன்று மயிலாடி என்றால் சிலை செதுக்குகிற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். சுசீந்திரம் கோயில் வேலைக்கு வந்த சிற்பிகளின் வழிவந்தவர்கள் என்பார்கள். கோயிலுக்குக் கல் செதுக்கியவர்களும் அந்தக் கோயிலின் தெருவில் நடக்க முடியாதவர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள்.

இனித் தென்மேற்கே. உச்சியில் நின்று பார்த்தால் உப்பளப் பாத்திகள் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் கட்டிக் கிடக்கும். அதற்கு அப்பால் பழையாறு கடலில் சேருகிற மணக்குடிக் காயல். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்து பாலத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது அங்கேதான். உப்பளத்துக்கு இந்தப் பக்கம், மலைக்கு மிக அருகில், தோப்புகளுக்கு நடுவே சாமித்தோப்பு.

அதே 1809இல் அந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட பெயரைக் கீழ்ச்சாதிக்காரன் பிள்ளைக்கு வைக்கலாமா என்று எதிர்ப்பு வர, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது பரம்பரையாக வருகிற செய்தி. 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தவர் அவர். தோப்பில் தவமிருந்தபோது அவரைத் தேடிச் சனம் திரண்டது. அரசாங்கம் மிரண்டது. பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். 1839இல் விடுதலையாகி வந்தவர் செய்த காரியங்களைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடும்.

ஒரு கிணறு தோண்டச் செய்தார். முத்திரிக் கிணறு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளித்து, ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பதிக்குள், அதாவது அவருடைய வழிபாட்டிடத்துக்குள், வர வேண்டும் என்றார். தோளில் துண்டு போடக்கூட உரிமை இல்லாதவர்களிடம் தலையில் கட்டு என்றார். இன்றைக்கும் சாமித்தோப்புப் பதிக்குள் போகிற ஆண் தலைப்பாகையோடுதான் போக வேண்டும். கருவறையில் சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி. முன்னால் நின்றால் கும்பிடுகிறவர் முகம்தான் தெரியும்.

அந்தக் காலத்துத் தடைகளைப் பட்டியல் போட்டால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். குடை பிடிக்கக்கூடாது. செருப்புப் போடக்கூடாது. மாடி வீடு கட்டக்கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். தங்க நகை கூடாது. மேலுடம்பை மறைக்கக்கூடாது. சம்பளமில்லாத ஊழியம் என்று அரண்மனைக்கும் கோயிலுக்கும் சுமை சுமக்க வேண்டும். அதற்கு மேல் தலைக்கு வரி. தோள்சீலைக்காக 1820களில் தொடங்கிய போராட்டம் நாற்பது ஆண்டு நீண்டது. துணி போர்த்திய பெண்களைச் சந்தையில் இழுத்துக் கிழித்தார்கள், வீடுகளையும் பள்ளிகளையும் எரித்தார்கள். 1859 ஜூலையில்தான் மேலுடம்பை மறைக்கலாம் என்று அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பாட்டாவின் ஆச்சி அந்தக் காலத்தில் சின்னப் பெண். சந்தைக்குப் போக வேண்டிய வழியை விட்டுவிட்டு மலையோரமாகச் சுற்றிப் போனோம் என்று அவள் சொன்னதாகப் பாட்டா சொல்வார். அவள் எந்த வழியாகச் சுற்றினாள் என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் வீட்டு மனைகளும் வந்த பிறகு அந்தத் தடங்களைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் மலையின் கீழ்ச்சரிவில், தோப்புக்கும் பாறைக்கும் இடையே, இன்றும் ஆள் நடக்கிற ஒற்றையடிப்பாதைகள் உண்டு. அவற்றில் நடக்கும்போது அவளை நினைத்துக்கொள்வேன்.

வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மயிலாடியில் 1809, சாமித்தோப்பில் 1830கள், பிள்ளைத்தடத்தில் 1880கள். ஒன்று மதம் மாறிப் படிப்பு கேட்டது, இன்னொன்று தன் சாமியைத் தானே உண்டாக்கிக்கொண்டது, மூன்றாவது வேதாந்தத்தின் வழியே வந்து அதே இடத்தைத் தொட்டது. மூன்றும் ஒரே மலையைச் சுற்றி, ஒருநாள் நடைக்குள் நடந்திருக்கின்றன. இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே சுசீந்திரத்துத் தெருவுக்கும் கோட்டாற்றுச் சந்தைக்கும் காவல் இருந்தது, யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. மலையில் அந்தக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. மருந்து பறிக்கிறவன், புல் அறுக்கிறவள், வீட்டைத் துறந்து வந்தவன், யார் வேண்டுமானாலும் ஏறலாம். தெருவில் நடக்க முடியாதவர்களுக்கு ஒரு நாடு முழுவதையும் மேலிருந்து பார்க்கிற இடம் இருந்தது. பார்த்தவர்களுக்கு அந்த நாட்டில் தங்கள் இடம் எது என்ற கேள்வி வராமல் இருந்திருக்குமா?

குரு இங்கிருந்து இறங்கிப் போய் 1888 சிவராத்திரி இரவில் நெய்யாற்றின் கயத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவலிங்கமாக நிறுத்தினார். பிரதிஷ்டை செய்ய ஒரு ஈழவருக்கு என்ன உரிமை என்று கேட்டவர்களுக்கு அந்தக் கல்லே பதிலாயிற்று. சாதி வேற்றுமையும் மத வெறுப்பும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்பாக வாழ்கிற இடம் இது என்று அங்கே எழுதியும் வைத்தார். இந்த வரலாற்றைக் கேரளத்தின் வரலாறு என்று நாம் தள்ளி வைத்துவிடுகிறோம். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் மலையாளிகளும் நாங்களும் ஒரே அரசின் கீழ்தான் இருந்தோம். எங்கள் பாட்டாக்களின் முதுகில் விழுந்த அதே சட்டம்தான் அவர்கள் முதுகிலும் விழுந்தது. எல்லைக்கோடு வந்ததால் வரலாற்றையும் பங்கு பிரித்துக்கொண்டோம், பிள்ளைத்தடத்துக்கு வருகிற பக்தர்களில் மலையாளம் பேசுகிறவர்களே அதிகம். குகைக்குக் கீழே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டால் எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது.

சுசீந்திரத்துத் தெருக்களுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக 1924இல் தொடங்கிய போராட்டம் நடந்து முடிந்த சூட்டில், 1926இல் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் தொடங்கியது. முன்னின்றவர் நாகர்கோவில் மருத்துவர் எம். எம்பெருமாள் நாயுடு. பிறந்த சாதியால் அவருக்கு அந்தத் தெருவில் நடக்கத் தடை இல்லை. தடை உள்ளவர்களோடு சேர்ந்து அவர் வெயிலில் நின்றார். போராட்டம் நின்றது, 1930இல் மறுபடியும் எழுந்தது. கோயில்களே திறந்தது 1936 நவம்பர் 12 அன்று, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச அறிவிப்பால். பிறப்பாலோ சாதியாலோ எந்த இந்துவுக்கும் கோயிலில் தடை இல்லை என்றது அந்த அறிவிப்பு. 1937 ஜனவரியில் காந்தி இந்தப் பக்கத்துக் கோயில்களுக்குத் திறந்த வாசல் வழியே எல்லோரோடும் போனார்.

பாட்டா தம் முப்பது வயதுக்கு மேல்தான் தாணுமாலயனைக் கிட்ட நின்று பார்த்தார். உள்ளே போன அன்றைக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது, தூண்களைப் பற்றியோ சாமியைப் பற்றியோ இல்லை. "தெரு நல்ல அகலம் பிள்ளே. தேர் ஓடுற தெருல்லா. மேலேர்ந்து பாக்கும்போ இவ்வளவு அகலம்னு தெரியல." அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை வகுப்பில் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் சிரிக்காமல் கேட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

உச்சியிலிருந்து தெரிகிறவற்றில் இன்னும் சிலவற்றை விட்டுவிட்டுப் போக மனம் இல்லை. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூர்க் குளம் பளபளக்கும். வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குகிற அந்த நீர்நிலை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் தேரூர். 1876இல் பிறந்தவர், பாட்டுக்காகப் புகழ் பெற்றாலும் கல்வெட்டு படிப்பதிலும் தேர்ந்தவர், இந்த நாட்டின் பழமையைக் கல்லைத் தடவித் தெரிந்துகொண்டவர். தென்கிழக்கே குமரிமுனை. விவேகானந்தர் 1892 டிசம்பரில் உட்கார்ந்த பாறை, அதன்மேல் 1970இல் எழுந்த மண்டபம், பக்கத்தில் 2000ஆம் ஆண்டு முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவர். வெளியூர்க்காரர்கள் இங்கே ஏறினால் முதலில் தேடுவது அதைத்தான். தெளிந்த நாளில் வெறுங்கண்ணுக்கே தெரியும். சித்திரைப் பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் குமரிக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடும். மலை மேலிருந்தால் கூட்டம் இல்லாமலே இரண்டும் கிடைக்கும், ஆனால் இருட்டில் இறங்குவது ஆபத்து, துணையில்லாமல் வேண்டாம். கார்த்திகைக்கு உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் வாசலில் அகல் வைத்துவிட்டு முதலில் மலையைத்தான் பார்ப்போம்.

மலையை ஏறி இறங்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருநாளை முழுசாக ஒதுக்குங்கள். விடியற்காலை பொத்தையடியில் தொடங்கி, பிள்ளைத்தடத்தில் சற்று உட்கார்ந்து, உச்சியில் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் இறங்குங்கள். மயிலாடிக்குப் போய் அந்தப் பழைய ஆலயத்தையும், சாலையோரம் பாதி முகத்தோடு நிற்கிற கற்சிலைகளையும் பாருங்கள். மதியத்துக்குச் சாமித்தோப்பு. முத்திரிக் கிணற்றில் இன்றும் நீர் எடுக்கலாம். மாலையில் சுசீந்திரம். கோயிலுக்குள் போவதற்கு முன் தேரோடும் தெரு நான்கையும் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போங்கள். இந்த நான்கு ஊர்களுக்கும் தனித்தனியாக வழிகாட்டிப் பலகைகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற பாதை இது என்று சொல்கிற பலகையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மாவட்ட நிர்வாகத்துக்கும் இதை எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன். அதுவரைக்கும் வழி தெரியாவிட்டால் பொத்தையடி டீக்கடையில் கேளுங்கள், மருந்து பறிக்கப் போகிறவர்கள் இன்றும் அங்கே காலை ஆறு மணிக்கு டீ குடிக்க வருகிறார்கள்.